காற்று அதேதான்... ஊர்தான் பெரிதாகிவிட்டது!

1990 ஆகஸ்ட் 28. அமெரிக்காவின் சிகாகோ நகருக்கு அருகே பிளெயின்ஃபீல்டு என்ற சிற்றூர். பிற்பகல் மூன்றரை மணி வாக்கில் ‘டொர்னாடோ’ எனப்படும் சுழற்காற்று அங்கே புகுந்தது. உயர்நிலைப் பள்ளி நொறுங்கியது, வீடுகள் தரைமட்டமாயின. அந்த வட்டாரத்தில் 29 பேர் இறந்தார்கள்.

அப்போது ஊரின் மக்கள்தொகை சுமார் 4,500. 2020 கணக்கெடுப்பில் அது 44,000-ஐத் தாண்டிவிட்டது. வயல்கள் இருந்த இடமெல்லாம் இப்போது வீடுகள். அதே காற்று இன்று அதே வழியில் வந்தால்?

காற்றை வரவழைத்துப் பார்க்க முடியாது. ஆனால், கம்ப்யூட்டரில் வரவழைக்கலாம். வாக்கர் ஆஷ்லி, ஸ்டீபன் ஸ்ட்ரேடர் போன்ற ஆய்வாளர்கள் அதைத்தான் செய்கிறார்கள்.

எப்படி?

இதுவரை வீசிய சுழற்காற்றுகளின் நீளம், அகலம் எல்லாம் பதிவில் இருக்கின்றன. அதை வைத்து ஆயிரக்கணக்கான கற்பனைப் பாதைகளைத் தாயம் உருட்டுவதுபோல வரைபடத்தின் மேல் போடுவார்கள். ஒவ்வொரு பாதையிலும் எத்தனை வீடுகள் சிக்குகின்றன என்று எண்ணுவார்கள். பிறகு, பழைய காலத்து வீடுகளின் வரைபடத்தை வைத்து அதே கணக்கு. காற்று மாறாவிட்டாலும் சிக்கும் வீடுகள் கூடிக்கொண்டே போகின்றன. அம்பு அதேதான், குறிப்பலகைதான் பெரிதாகிறது.

ஊருக்கு ஊர் ஆபத்தும் வேறு. வீடுகள் நெருக்கமாக உள்ள நகரத்தில் காற்று விழும் வாய்ப்பு குறைவு, விழுந்தால் பேரழிவு. புறநகர்கள் பரந்து விரிந்த நகரத்தில் யாராவது சிக்கும் வாய்ப்பு அதிகம்.

பதினொரு நாள் இடைவெளி

2013 மே 20 அன்று ஓக்லஹோமா மாநிலத்தின் மூர் நகரைத் தாக்கிய காற்று 24 பேரைப் பலிகொண்டது. பதினொரு நாள் கழித்து, அதே மாநிலத்தின் எல் ரெனோ அருகே இன்னொன்று. அதன் அகலம் 4.2 கிலோமீட்டர், அமெரிக்காவில் பதிவானவற்றிலேயே மிக அகலமானது. ஆனால், பெரும்பாலும் வயல்வெளியில் சுழன்றது. அதில் இறந்த 8 பேரும் வாகனங்களில் சிக்கியவர்கள்.

காற்றைத் தடுக்க யாராலும் முடியாது. வீட்டை உறுதியாகக் கட்ட முடியும். அடுத்த ஆண்டே மூர் நகரம் கட்டட விதியை மாற்றியது: இனி கட்டும் வீடுகள் மணிக்கு சுமார் 217 கிலோமீட்டர் வேகக் காற்றைத் தாங்க வேண்டும். கூரையும் சுவரும் பிய்ந்து போகாமல் இருந்தால், உள்ளே இருப்பவர்கள் பிழைக்க வழியுண்டு.