இராமானுசன் பட்டியலில் விடுபட்ட ஓர் எண்: 2,93,31,86,25,600

முன்னுரை

ஒரு நூலில் செய்யுள் விடுபட்டிருப்பதைப் பதிப்பாசிரியர் இருவழிகளில் அறிவர். பிறிதொரு படியோடு ஒப்பிடுதல் ஒன்று; நூலின் அகக்கட்டமைப்பைக் கொண்டு உய்த்துணர்தல் மற்றொன்று. சீனிவாச இராமானுசன் (1887–1920) 1915இல் இலண்டன் கணிதக் கழக இதழில் வெளியிட்ட கட்டுரையின் எண் பட்டியலிலும் ஒரு விடுபாடு உள்ளது. விடுபட்ட எண் 2,93,31,86,25,600. அவ்வெண்ணின் இயல்பையும், விடுபாடு உறுதிப்படும் முறையையும் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உயர்பகு எண்

ஓர் எண்ணை மீதியின்றி வகுப்பவை அதன் வகுத்திகள். 12இன் வகுத்திகள் 1, 2, 3, 4, 6, 12 என ஆறு. 12இனும் சிறிய எந்த எண்ணுக்கும் ஆறு வகுத்திகள் இல்லை. இவ்வாறு தன்னிற் சிறிய எண்கள் ஒவ்வொன்றையும்விட மிகுதியான வகுத்திகளைக் கொண்ட எண், இக்கட்டுரையில் ‘உயர்பகு எண்’ என வழங்கப்படுகிறது. இரண்டே வகுத்திகளையுடைய பகா எண்ணுக்கு இது எதிர்முனையில் நிற்பது.

உயர்பகு எண்ணைப் பகா எண்களின் பெருக்கலாக எழுதினால், 2 முதலாகப் பகா எண்கள் இடைவிடாது வரும். அவற்றின் அடுக்குகள் மேலே செல்லச் செல்லக் கூடுவதில்லை. 4, 36 நீங்கலாக, இறுதிப் பகா எண்ணின் அடுக்கு 1 ஆகும். இவற்றை இராமானுசன் நிறுவினார். இவை இன்றியமையாத இயல்புகளேயன்றி, இவை மட்டுமே ஓர் எண்ணை உயர்பகு எண்ணாக்கப் போதா.

எண்ணின் இயல்பு

விடுபட்ட எண்ணில் 2இன் அடுக்கு 6. 3இன் அடுக்கு 4. 5, 7 ஆகியவற்றின் அடுக்கு 2. 11, 13, 17, 19 ஆகியவற்றின் அடுக்கு 1. ஒவ்வோர் அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்கினால் வகுத்திகளின் எண்ணிக்கை கிடைக்கும்: 7×5×3×3×2×2×2×2 = 5040. இது இரட்டை எண்ணாதலின், விடுபட்ட எண் முழுவர்க்கம் அன்று. 5040உம் ஓர் உயர்பகு எண்ணே. அதன் வகுத்திகள் 60. 60இன் வகுத்திகள் 12; 12இன் வகுத்திகள் 6. இவையனைத்தும் உயர்பகு எண்களாதல் நோக்கத்தக்கது.

விடுபாட்டுக்கான சான்று

67,46,32,83,88,800 வரை நீளும் அப்பட்டியலில் 1,95,54,57,50,400ஐ அடுத்து 3,21,25,37,32,800 இடம்பெறுகிறது. முன்னதன் வகுத்திகள் 4608. பின்னதன் வகுத்திகள் 5376. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நம் எண்ணுக்கோ 5040 வகுத்திகள். இது 4608இனும் மிகுதி. ஆகவே, இடையில் குறைந்தது ஓர் உயர்பகு எண்ணேனும் இருந்தாக வேண்டும் என்பது பட்டியலைக் கொண்டே பெறப்படும். அது இவ்வெண் ஒன்றே என்பதை முழுமையான கணக்கீடு காட்டுகிறது. விடுபாட்டை உணர்த்த அகச்சான்று போதுமாயினும், விடுபட்டது இன்னதெனத் துணியப் புறச்சோதனை வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

முடிவுரை

இக்கட்டுரைக்காகவே கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகம் 1916இல் இராமானுசனுக்குப் பட்டம் வழங்கியது. கணிப்பொறி இல்லாத காலத்தில் கையால் கணித்த பட்டியலில் ஓர் எண் விடுபட்டமை, அவர் நிறுவிய தேற்றங்களைக் குறைவுபடுத்தாது. எனினும், ஆசிரியர் பெருமை கருதி விடுபாட்டை மறைப்பது ஆய்வு நெறியன்று. மேலும், பிழையைக் கண்டறியும் அளவுகோலைத் தந்ததும் அதே கட்டுரையே. சான்றோர் நூலைப் போற்றுதலும் அதனைச் சரிபார்த்தலும் தம்முள் முரண்பட்டவை அல்ல என்பதற்கு இவ்வெண் தக்கதொரு சான்றாகும்.