பொறி விழும் தரை

கார் ஷெட் கூரை ஒரே நாளில் ஏறிவிடுகிறது. தரைக்கு என்ன ஆயிற்று என்பது மழைக்குப் பிறகுதான் தெரிகிறது.

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் போகும் நெடுஞ்சாலையில் நெய்யாற்றின்கரையைத் தாண்டினால் அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை, இஞ்சிவிளை என்று ஊர்கள் இடைவெளி விடாமல் வருகின்றன. அதற்கப்புறம் களியக்காவிளை, தமிழ்நாடு. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. திருவிதாங்கூர் தமிழர்கள் கேட்டுப் போராடிய நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. ஆனால் கொத்தனாருக்கும் வெல்டருக்கும் அந்தக் கோடு ஒரு பொருட்டல்ல. வேலை இருக்கும் பக்கம் போகிறார்கள். சாக்கு என்று கேட்டால் இரண்டு பக்கமும் புரியும். உச்சரிப்பில் ஒரு எழுத்து அழுத்தம்தான் வித்தியாசம். வெல்டிங் வேலை நடக்கும் வீட்டில் முதலில் கேட்கப்படும் பொருளும் அதுதான்.

வேலையின் வரிசையே தலைகீழ். வீடு முடிந்து, டைல்ஸ் பதித்து, பால்காய்ச்சும் நடந்த பிறகுதான் வெளியே நிற்கும் கார் கண்ணை உறுத்துகிறது. ஜி.ஐ. பைப்பில் ஒரு ட்ரஸ், மேலே தகர ஷீட் என்று முடிவாகிறது. சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி முடிக்கும்போது தரையைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. பேச்சு எழுதப்படுவதும் அபூர்வம். மறுநாள் பளபளக்கும் புதுத் தரைக்கு மேலே பத்தடி உயரத்தில் ராடு எரிய ஆரம்பிக்கிறது.

இரும்பு உருகச் சுமார் 1,500 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். போர்ச்சில் பதிக்கும் விட்ரிஃபைடு டைல்ஸ் சூளையில் வேகுவதோ சுமார் 1,200 டிகிரியில். உருகிய இரும்புத் துளி டைல்ஸின் மேற்பரப்பில் ஒட்டி அதற்குள் ஏன் உட்கார்ந்து கொள்கிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. சின்னத் துளிகள் விழும் வழியிலேயே கறுத்துவிடும். பெரியவை சிவப்பாகவே தரையைத் தொட்டு, உடைந்து, உருண்டு ஓடும். 11 மீட்டர் தூரம் வரை எரியும் பொருள் எதுவும் இருக்கக் கூடாது என்பது அமெரிக்கத் தீத்தடுப்பு விதி. எல்லையோர ஊர்களின் பல மனைகளுக்கு அது முழு முற்றத்தின் அளவு!

சிமென்ட் தரைக்கு வேறு விதமான சோதனை. கான்கிரீட்டுக்குள் எப்போதும் கொஞ்சம் ஈரம் உண்டு. தண்ணீர் ஆவியானால் ஏறத்தாழ 1,700 மடங்கு பெருகும். கேஸ் கட்டரின் சுவாலை தரையைப் பார்த்து நின்றால் அந்த ஆவி வெளியேற வழியில்லாமல் மேல் பூச்சைச் சில்லு சில்லாகத் தெறிக்க வைக்கிறது. பழைய வீடுகளின் சிவப்பு ஆக்சைடு தரையில் இப்படி ஒரு குழி விழுந்தால் அதே நிறத்தில் பூசித் தர இன்று ஆள் கிடைப்பது கடினம்.

அதிகச் சண்டையைக் கிளப்புவது வெல்டிங் பொறி அல்ல, கிரைண்டர் தூள். பைப்பை வெட்டும்போது பறக்கும் நுண்ணிய இரும்புத் துகள்கள் டைல்ஸின் சொரசொரப்பிலும் இணைப்புச் சந்துகளிலும் பதிகின்றன. அன்று ஒன்றும் தெரியாது. இடவப்பாதி மழை வந்து நனைத்ததும் தரை முழுக்கப் பழுப்புப் புள்ளிகள். அதற்குள் வெல்டர் கணக்கு முடித்து, களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் வேறு வேலையில் இருப்பார். வீட்டுக்காரர் ஆசிட்டை ஊற்றித் தேய்ப்பார். கடை ஆசிட் சந்துகளில் உள்ள சிமென்டையும் தின்றுவிடும். துருவுக்கு ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் போதும். மார்பிளில் அதையும் தொடக் கூடாது. வேலை முடிந்த அன்றே தண்ணீர் விடாமல் காய்ந்த துடைப்பத்தால் பெருக்கி, பழைய ஸ்பீக்கர் காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றித் தரை மேல் ஓட்டினால் பாதித் தொல்லை அங்கேயே தீரும். கழுவிவிடுவதுதான் சுத்தம் என்ற பழக்கம் இந்த விஷயத்தில் கெடுதல்.

சரி, சாக்கு? நனைந்த சணல் சாக்கு பொறியை அணைக்கும், சந்தேகமில்லை. ஆனால் உச்சி வெயிலில் ஒரு மணி நேரத்தில் காய்ந்து அதுவே விறகாகிவிடும். ஈரம் இருக்கும்போது ஆபத்து வேறு. ராடு தொடாமல் நிற்கும்போது டிரான்ஸ்ஃபார்மர் செட்டில் 80 வோல்ட் வரை இருக்கும். ஹவாய் செருப்போடு ஈரச் சாக்கின் மேல் நின்று, வியர்த்த கையால் ராடு மாற்றுகிறவருக்கு அது போதும். இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. சிமென்டும் உரமும் இப்போது பிளாஸ்டிக் பைகளில் வருகின்றன. கையில் அகப்படும் ‘சாக்கு’ பொறி பட்டதும் உருகித் தரையோடு ஒட்டிக்கொள்ளும் ரகம். தேர்தல் முடிந்த பிறகு தாராளமாகக் கிடைக்கும் ஃப்ளெக்ஸ் பேனர் அதைவிட மோசம். எரிந்தால் வரும் புகை நெஞ்சை அடைக்கும்.

இவற்றைவிட உருப்படியான பொருள் பல வீடுகளின் பின்புறம் சும்மா கிடக்கிறது: கழற்றிப் போட்ட பழைய நெளிவுத் தகர ஷீட். நெளிவு இருப்பதால் ஷீட்டுக்கும் டைல்ஸுக்கும் நடுவே காற்று நிற்கும், சூடு நேராக இறங்காது. துளிகளும் பள்ளத்திலேயே தங்கும். ஒன்றின் மேல் ஒன்று ஏற்றிப் போட்டு, ஓரங்களில் பாறைப்பொடியைக் கொட்டி வைத்தால் உருண்டு வெளியே போகாது. ஷீட்டை இழுக்காமல் தூக்கி வைக்க வேண்டும், பொடியை மிதித்து அரைக்கக் கூடாது. இரண்டுமே டைல்ஸைக் கீறும். ஆள் நிற்கும் இடத்தில் மட்டும் காய்ந்த பலகை. நிரந்தரமாகத் தொழில் செய்கிறவர்கள் கண்ணாடி இழைப் போர்வை வாங்கி வைத்துக்கொள்ளலாம். அது சுமார் 550 டிகிரி வரை தொடர்ந்து தாங்கும். ஆஸ்பெஸ்டாஸ் துண்டு போடும் பழைய வழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. அதன் தூசு தொழிலாளியின் நுரையீரலுக்குச் செய்யும் கேட்டை உச்ச நீதிமன்றம் 1995லேயே விரிவாகப் பேசியிருக்கிறது.

பொறியைக் குறைப்பது வெல்டரின் கையிலும் இருக்கிறது. 2.5 மில்லிமீட்டர் ராடுக்கு 60 முதல் 90 ஆம்பியர் போதும். அவசரத்தில் கரன்டைக் கூட்டினாலும், ராடைத் தூரமாகப் பிடித்தாலும், மழையில் நமுத்த ராடை எரித்தாலும் பொறி மத்தாப்பாய்க் கொட்டும். சட்டங்களைப் பட்டறையிலேயே வெல்டு செய்து கொண்டுவந்து வீட்டில் போல்ட் போட்டு முடுக்கினால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. செலவு கொஞ்சம் கூடும்தான். ஆனால் ஒரு டைல்ஸ் கெட்டால் அதே பெயரில் மறு வருடம் மோர்பியிலிருந்து வரும் சரக்கு பெரும்பாலும் நிறம் சேராது என்பதை வீட்டுக்காரர்கள் யோசிப்பதில்லை. வெல்டரோ, அந்தத் தகராறில் பல நாள் கூலியை இழக்கிறார்.

தரை போனால் மாற்றிக்கொள்ளலாம். இந்தப் பகுதி ரப்பர் பகுதி. விலை ஏறட்டும் என்று அடுக்கி வைத்த புகையூட்டிய ஷீட் ஷெட்டின் பக்கத்திலேயே இருக்கும். பைக்கின் பெட்ரோல் ஆவியும் காற்றைவிடக் கனம் என்பதால் தரையோடு தவழும். 1942 பிப்ரவரி 9 அன்று நியூயார்க் துறைமுகத்தில் நார்மண்டி என்ற மாபெரும் பிரெஞ்சுக் கப்பலில் தூண்களை வெட்டிய கட்டரின் பொறி, இலவம் பஞ்சு அடைத்த உயிர்காப்பு அங்கிக் குவியலில் விழுந்தது. தீயணைக்க ஊற்றிய தண்ணீரின் பாரத்தில் கப்பலே சாய்ந்தது. 1996 ஏப்ரல் 11 அன்று ஜெர்மனியின் டுசல்டார்ஃப் விமான நிலையத்தில் மேலே சாலையில் நடந்த வெல்டிங்கின் பொறி தளத்தின் இணைப்புச் சந்து வழியாக இறங்கி, கூரைக்குள் இருந்த பாலிஸ்டைரீனைப் பற்றவைத்தது. 17 பேர் இறந்தார்கள். வெல்டிங் தீத்தடுப்புக்கென்று இந்தியாவிலும் ஐ.எஸ். 3016 என்ற தர விதி உண்டு. கார் ஷெட் வேலைக்கு வருபவர்களில் அதைக் கண்டவர் யார்?

வேலை முடிந்த பின் ஒரு ஆள் தங்கிப் பார்த்திருக்க வேண்டிய நேரம் அரை மணி என்று அமெரிக்காவில் நெடுங்காலம் இருந்தது. 2019ல் அதை ஒரு மணி நேரமாக்கினார்கள். பஞ்சிலும் மரத்தூளிலும் விழுந்த பொறி வெளியே தெரியாமல் அவ்வளவு நேரம் கனன்று கொண்டிருக்கும். இங்கே கடைசி ஷீட்டுக்குத் திருகாணி முடுக்கியதும் செட், கேபிள், ஏணி எல்லாம் மினி டெம்போவில் ஏறிவிடுகின்றன. அந்த ஒரு மணி நேரத்துக்கு ஒரு வாளித் தண்ணீரோடு வீட்டுக்காரர்தான் ஷெட்டில் நாற்காலி போட்டு உட்கார வேண்டும்.