குருத்து ஈயை முந்தும் விதைப்பு

சோளத்தில் பூச்சிமருந்தைக் குறைக்க வேண்டும் என்றதும், அதற்குப் பதிலாக எந்த இயற்கைக் கரைசலை அடிக்கலாம் என்று கேட்கிறோம். விதைத்து முடித்த பிறகு வரும் கேள்வி இது. பயிரின் முதல் எதிரியான குருத்து ஈ, முளைத்து ஒரு வாரத்திலிருந்து நான்கு வாரம் வரையுள்ள இளம்பயிரைத்தான் நாடும். இலையின் அடிப்பக்கத்தில் ஒவ்வொன்றாக முட்டையிடும். பொரிந்த புழு குருத்துக்குள் இறங்கி வளர்நுனியை அறுத்துவிடும். நடுக்குருத்து காய்ந்து, இழுத்தால் கையோடு வரும்போதுதான் சேதம் கண்ணில் படுகிறது. அதற்குமேல் தெளிக்கும் மருந்து உள்ளே கிடக்கும் புழுவை எட்டுவது அரிது. எட்டினாலும் அறுந்த குருத்து திரும்பத் துளிர்க்காது.

ஆகவே இந்தப் பூச்சியை வெல்வது பெரும்பாலும் நாள் கணக்குதான். பருவத் தொடக்கத்தில் ஈ குறைவு. முதல் நல்ல மழையோடு ஊரே சேர்ந்து விதைத்தால், அது பெருகுவதற்குள் பயிர் ஆபத்தான மாதத்தைத் தாண்டிவிடும். பிந்தி விதைத்தவர் வயலில், முந்தைய வயல்களில் பெருகிய ஈயெல்லாம் வந்து இறங்கும். இரகமும் உதவும்: மகாராஷ்டிரத்தின் மால்தண்டி சோளத்தைப் போலப் பளபளப்பான இலையும் நுண்முடிகளும் கொண்டவற்றில் ஈ முட்டையிடுவது குறைவு. 1960களில் பரவிய வீரிய ஒட்டு இரகங்கள் விளைச்சலைக் கூட்டின. ஆனால் பல இரகங்களுக்கு இந்தத் தற்காப்பு இல்லை.

மழை நாள் பார்த்தா பெய்கிறது என்று மானாவாரி விவசாயி கேட்பது நியாயம். தாமதம் தவிர்க்க முடியாத ஆண்டில் விதையைச் சற்றுக் கூட்டிப் போட்டு, செடி கலைக்கும்போது குருத்து காய்ந்த செடிகளைப் புழுவோடு பிடுங்கி அழிக்கலாம். முதல் முப்பது நாளுக்கு ஏக்கருக்கு ஐந்து கருவாட்டுப் பொறி வைக்கலாம். ஊடுபயிராக மொச்சை போட்டால் தண்டுத் துளைப்பானும் மட்டுப்படும். கூலி எங்கே என்பது இதைவிடக் கடினமான ஆட்சேபம். அதைத் தட்டிக்கழிக்க முடியாது. என்றாலும் செடி கலைப்பது எப்படியும் செய்யும் வேலை, அதோடு இது சேர்ந்துவிடும். 2018இல் இந்தியாவுக்கு வந்த படைப்புழு போன்றவை எல்லை மீறினால் மருந்தைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் சோளத்தட்டு மாட்டுக்குப் போகிறது. அடிக்கும் நஞ்சின் மிச்சம் தீவனத்தோடு தொழுவம் வரை வரக்கூடும். தெளிப்பானைத் தோளில் மாட்டும் முன் இதையும் செலவுக் கணக்கில் எழுத வேண்டும்.

இதில் அரசு செய்ய வேண்டியது எளிமையானது: மழைக்கு முன்பே எதிர்ப்புத்திறன் உள்ள விதை வேளாண் விரிவாக்க மையத்தில் இருப்பில் இருக்க வேண்டும். பத்து நாள் கழித்து வந்து சேரும் விதையோடு வேப்பெண்ணெயை மானியத்தில் கொடுத்தாலும் பலன் சொற்பமே.