டாக்டர் பர்னார்ட் மினியாபொலிஸில் என்ன கற்றார்?

சர்ஜன்கள் படிப்பு முடிந்த பிறகும் ஏன் வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் போய் வேலை பார்க்கிறார்கள்? கேஸ் நிறைய வரும், கை பழகும் என்பார்கள். என்னைக் கேட்டால் அது பாதி பதில்தான்.

1967 டிசம்பர் 3 அன்று கேப் டவுனில் உலகின் முதல் மனித இதய மாற்று அறுவை சிகிச்சையைச் செய்தவர் கிறிஸ்டியன் பர்னார்ட். இது எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பத்து வருஷம் முன்னால் அவர் அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் பயிற்சி டாக்டர். பொது அறுவை சிகிச்சைக்காகப் போனவரை, ஒருநாள் இதய-நுரையீரல் மெஷின் பக்கம் உதவிக்குக் கூப்பிட்டார்கள். அவர் பாதையே மாறிடுச்சு.

இதயத்தைத் திறந்து தைக்கும்போது ரத்தத்தை உடம்பு முழுக்கச் சுற்றவிடுவதும் அதில் ஆக்சிஜன் சேர்ப்பதும் அந்த மெஷின்தான். சர்ஜன் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், மெஷினும் அதை ஓட்டப் பழகிய ஆட்களும் இல்லாமல் கத்தி எடுக்க முடியாது. எங்க தொழில் மாதிரிதான்: புரோகிராமை மட்டும் காப்பி பண்ணிட்டு வந்தா ஓடாது, அது ஓடுகிற சிஸ்டமும் வேணும். அவருடைய பேராசிரியர் வாங்கன்ஸ்டீனுக்கு இது புரிந்திருந்தது. 1958ல் பர்னார்ட் ஊர் திரும்பும்போது மெஷின் கிடைக்கவும் ஏற்பாடு செய்தார்.

பிறகு மறுபடி அமெரிக்கா. இந்த முறை ரிச்மண்டில் சில மாதம், சிறுநீரக மாற்று பற்றிக் கற்க. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் என்ன சம்பந்தம்? வேறொருவர் உறுப்பை உடம்பு எதிர்க்கும். அந்த எதிர்ப்பை மருந்தால் அடக்கணும், ஆனால் ரொம்ப அடக்கினால் கிருமி புகுந்துவிடும். அந்த அளவு பிடிபடுவது தினமும் நோயாளி பக்கத்தில் நின்றால்தான். நின்று பார்த்த பர்னார்டுக்கே அது முழுசாகப் பிடிபடவில்லை. அவருடைய முதல் நோயாளி வாஷ்கன்ஸ்கி 18ஆம் நாள் நிமோனியாவில் இறந்தார்.

1968ல் பல நாடுகளில் சர்ஜன்கள் போட்டி போட்டு இதயம் மாற்றினார்கள். தைப்பது வந்தது, பிறகு காப்பாற்றுவது வரவில்லை. நோயாளிகள் பெரும்பாலோர் சீக்கிரமே இறக்க, பல ஆஸ்பத்திரிகள் கைவிட்டன.

கைவிடாத இடங்களில் ஒன்று ஸ்டான்ஃபோர்டு. அங்கே இருந்த நார்மன் ஷம்வேயும் மினசோட்டா ஆள்தான். அவரிடம் பிரிட்டனிலிருந்து பயிற்சிக்கு வந்தார் பிலிப் கேவ்ஸ். கழுத்து ரத்தக்குழாய் வழியாக ஒரு சின்ன கருவியை இறக்கி, இதயத்தசையில் துணுக்கு எடுத்து, உடம்பு எதிர்க்க ஆரம்பித்துவிட்டதா என்று முன்கூட்டியே பார்க்கும் வழியை 1970களின் தொடக்கத்தில் கொண்டுவந்தவர் கற்றுக்கொள்ள வந்த அந்த விருந்தாளிதான்.