சட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் கேமரா

பழைய ஸ்லைடுப் பெட்டியைத் திறந்தால் எல்லாம் ஒரே அளவாகத் தெரியும். அட்டைச் சட்டம், பிளாஸ்டிக் சட்டம், கண்ணாடி பதித்த உலோகச் சட்டம் என்று பொருள் மாறலாம். அளவு மட்டும் பெரும்பாலும் 50 மில்லிமீட்டர் சதுரம், அதாவது இரண்டு அங்குலம். வீட்டு புரொஜெக்டர்கள் அந்த அளவில் நிலைபெற்றுவிட்டதால், ஃபிலிம் கம்பெனிகளும் தங்கள் படங்களை முடிந்தவரை அதற்குள்ளேயே அடக்கப் பார்த்தன. ஆனால் நாலைந்து ஸ்லைடுகளை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். ஒன்றில் நீள்சதுரப் படம். இன்னொன்றில் கச்சிதமான சதுரம். மற்றொன்றில் சட்டத்தின் விளிம்பை முட்டுகிற அளவுக்குப் பெரிய சதுரம். ஒரே குடும்பத்தின் பெட்டியில் மூன்று நான்கு வகைக் கேமராக்கள் கலந்து கிடக்கும்.

ஸ்லைடுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. காகிதப் புகைப்படம் நெகட்டிவிலிருந்து எடுத்த பிரதி. ஸ்லைடு அப்படியல்ல. கேமராவுக்குள் ஓடிய அதே ஃபிலிம் துண்டுதான் உங்கள் கையில் இருக்கிறது; தாத்தாவின் முகத்தில் பட்டுத் திரும்பிய ஒளி நேராக வந்து விழுந்தது அதன்மேல்தான். அதனால் ஃபிலிமின் அகலம், ஓரத்துத் துளைகள், விளிம்பில் அச்சான எழுத்துகள் எல்லாம் அதனுடனேயே இருக்கும். சிக்கல் என்னவென்றால், அவற்றை மவுண்ட் என்கிற அந்தச் சட்டம் மறைத்துக்கொண்டிருக்கிறது. சிதைந்துபோன சட்டத்தைக் கழற்றி வேறொன்று மாட்டும்போதுதான் அவை கண்ணில் படுகின்றன. அந்த நேரத்தில் தப்பாக அடையாளம் கண்டு தப்பான சட்டத்தை மாட்டினால் படத்தின் ஓரம் போய்விடும். ஓரத்தில் நின்ற அத்தையும் போய்விடுவார்.

முதலில் துளைகளை எண்ண வேண்டும். 35 மி.மீ. ஃபிலிமின் இரு ஓரங்களிலும் வரிசையாகத் துளைகள் உண்டு. கேமராவின் பல்சக்கரம் அவற்றில் மாட்டித்தான் ஃபிலிமை இழுக்கும். ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் 4.75 மி.மீ. தூரம். ஒரு படத்துக்கு எட்டுத் துளை இருந்தால் அது 36-க்கு 24 மி.மீ. அளவுள்ள வழக்கமான படம். எட்டை 4.75-ஆல் பெருக்கினால் 38. படத்துக்கு 36, இடைவெளிக்கு 2. நான்கே துளை என்றால் அது அரைச்சட்டகப் படம். 1959-இல் வந்த ஒலிம்பஸ் பென் போன்ற கேமராக்கள் இப்படி 36 படச் சுருளிலிருந்து 72 படம் எடுக்க வழி செய்தன. அப்படிப்பட்ட ஸ்லைடை வழக்கமான சட்டத்தில் மாட்டினால் சம்பந்தமில்லாத இரண்டு படங்கள் ஒரே ஜன்னலில் ஒட்டி நிற்கும்.

இந்த நான்கு துளைக்குப் பின்னால் சினிமா இருக்கிறது. எடிசனின் ஆய்வுக்கூடத்தில் டபிள்யூ.கே.எல். டிக்சன் வகுத்த 35 மி.மீ. சினிமா ஃபிலிமில் ஒரு சட்டகத்துக்கு நான்கு துளை. அந்த ஃபிலிம் மேலிருந்து கீழாக ஓடியது. ஜெர்மனியின் லைட்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஆஸ்கர் பர்னாக் அதைப் பக்கவாட்டில் ஓடவிட்டு, இரண்டு சினிமாச் சட்டகங்களின் இடத்தை ஒரே படத்துக்குக் கொடுத்தார். அதுதான் 1925-இல் விற்பனைக்கு வந்த லைக்கா. ஆக, நாம் முழு அளவு என்று நினைப்பதே சினிமாவின் இரட்டிப்பு. அரை அளவு என்பதுதான் மூலம்.

சட்டத்தைக் கழற்றிய பிறகு வரிசையான துளைகளே இல்லாத 35 மி.மீ. ஃபிலிம் வந்தால் வியக்க வேண்டாம். 1935-இல் கோடாக் நிறுவனம் பேன்டம் என்ற சிறு கேமராவுக்காக 828 என்ற எண்ணிட்ட ஃபிலிமைக் கொண்டுவந்தது. வழக்கமான 35 மி.மீ. ஃபிலிமில் துளைகளும் ஓரமும் சேர்ந்து 11 மி.மீ. அகலத்தைத் தின்றுவிடுகின்றன. 828 அந்த இடத்தை மீட்டது. படத்துக்கு ஒரே ஒரு துளை; மீதி இடமெல்லாம் படத்துக்கே. 40-க்கு 28 மி.மீ. என்று அளவு கூடியது. பரப்பைக் கணக்கிட்டால் வழக்கமான படத்தைவிட ஏறக்குறைய 30 விழுக்காடு அதிகம். இந்த ஸ்லைடின் பழைய சட்டம் கிழிந்ததும் யாரோ ஒருவர் கடையில் கிடைத்த சாதாரணச் சட்டத்தில் மாட்டியிருப்பார். நான்கு பக்கமும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் உள்ளே போய்விடும். சட்டத்தைப் பிரித்தால் கைகளும் கால்களும் கோயில் கோபுரத்தின் உச்சியும் வெளியே வரும். பழைய ஸ்லைடுகளோடு பழகுவதில் இதற்கு ஈடான சந்தோஷம் எனக்கு வேறு கிடையாது.

படத்துக்கு ஒரு துளை இருந்து, படமும் சதுரமாக இருந்தால் அது 126. இதையும் கோடாக்தான் 1963-இல் இன்ஸ்டமாட்டிக் கேமராவோடு கொண்டுவந்தது. ஃபிலிமை இழுத்து மாட்டும் வேலையே கிடையாது. பிளாஸ்டிக் கூட்டை அப்படியே உள்ளே வைத்து மூட வேண்டியதுதான். 1970-க்குள் ஐந்து கோடிக்கும் மேல் விற்றது என்றால் எத்தனை பிறந்தநாள் படங்கள் சதுரமாக இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தின் விளிம்பை முட்டும் பெரிய சதுரம் 127. இந்த ஃபிலிம் 46 மி.மீ. அகலம், 1912-லேயே வந்துவிட்டது. அதில் 40 மி.மீ. சதுரப் படம் எடுத்தபோது, அது இரண்டு அங்குலச் சட்டத்துக்குள் மயிரிழையில் அடங்கியது. சுற்றிலும் ஐந்தாறு மில்லிமீட்டர்தான் சட்டம். அதே புரொஜெக்டரில் ஏறக்குறைய இரண்டு மடங்கு பரப்புள்ள படம். இதற்கு சூப்பர் ஸ்லைடு என்றே பெயர். சில புரொஜெக்டர்களின் ஒளி அந்த மூலைகள்வரை எட்டாது. மூலைகள் இருண்டு தெரிந்தால் குற்றம் ஸ்லைடுடையது அல்ல. எதிர்முனையில் 1972-இல் வந்த 110 இருக்கிறது. 16 மி.மீ. ஃபிலிமில் 13-க்கு 17 மி.மீ. படம், கட்டைவிரல் நகம் அளவுதான். அதற்கென 30 மி.மீ. சதுரக் குட்டிச் சட்டமே தனியாக உண்டு.

அளவு தெரிந்துவிட்டது. அடுத்து, எந்த ஃபிலிம்? ஸ்லைடைச் சாய்த்துப் பிடித்து, ஒளி பட்டுத் திரும்பும் கோணத்தில் பாருங்கள். ஒரு பக்கம் பளபளக்கும். அது பிளாஸ்டிக் அடித்தளம். மறுபக்கம் சற்று மங்கலாக இருக்கும்; அது எமல்ஷன், அதாவது ஜெலட்டினில் கலந்த ஒளியுணர் பூச்சு. அந்த மங்கல் பக்கத்தில் படம் செதுக்கியதுபோல மேடுபள்ளமாகத் தெரிந்தால் உங்கள் கையில் இருப்பது பெரும்பாலும் கோடாக்குரோம்.

கோடாக்குரோமை உருவாக்கிய இருவரும் இசைக்கலைஞர்கள். லியோபோல்ட் மேன்ஸ் பியானோ வாசித்தவர்; லியோபோல்ட் காடவ்ஸ்கி வயலின். 1935-இல் சினிமா ஃபிலிமாக வந்து, அடுத்த ஆண்டு ஸ்லைடுக்கும் வந்தது. இதன் விந்தை, கேமராவுக்குள் போகும்போது ஃபிலிமில் நிறமே கிடையாது என்பதுதான். நீலம், பச்சை, சிவப்பு ஒளிகளைத் தனித்தனியாக உணரும் மூன்று கறுப்பு வெள்ளை அடுக்குகள் மட்டுமே. நிறத்தை ஆய்வகம் கொடுத்தது. முதலில் ஃபிலிமை நெகட்டிவாகக் கழுவுவார்கள். பிறகு அடிப்பக்கத்திலிருந்து சிவப்பு ஒளியைக் காட்டுவார்கள். கீழ் அடுக்கு மட்டும் விழித்துக்கொள்ளும், அதற்கு நீலப்பச்சைச் சாயம். மேலிருந்து நீல ஒளி. மேல் அடுக்குக்கு மஞ்சள். நடுவில் மிஞ்சியதை ரசாயனத்தால் தூண்டிக் கருஞ்சிவப்பு ஏற்றுவார்கள். மூன்றும் சேர்ந்த கனம் தாள் ஒன்றின் கனம்கூட இராது. சாயத்தை உண்டாக்கும் வேதிப்பொருள் ஃபிலிமில் தங்கிவிடாததால் இருட்டில் வைத்த கோடாக்குரோம் நிறம் மாறாமல் பல பத்தாண்டுகள் நிற்கிறது. இத்தனை சிக்கலான கழுவலைச் செய்யும் கடைசி ஆய்வகம் அமெரிக்காவின் கன்சாஸில் 2010 இறுதியில் அந்த வேலையை நிறுத்தியது.

1946-இல் வந்த எக்டாக்குரோமும் அதன் பின்னர் வந்த பலவும் வேறு வழி. சாயத்துக்கான பொருள் ஃபிலிமிலேயே கலந்திருக்கும். கழுவுவது எளிது, ஆனால் ஆரம்பகால எக்டாக்குரோம்களில் நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளிறி, படமே செக்கச் செவேலென்று ஆகிவிடும். நம் நாட்டில் 1970, 80களில் புழங்கிய கிழக்கு ஜெர்மனியின் ஓர்வோ ஸ்லைடுகளுக்கும் இதே கதிதான். ஸ்கேன் செய்யும்போது இந்த வேறுபாடு இன்னொரு வடிவில் வந்து நிற்கும். தூசியை நீக்க ஸ்கேனர்கள் அகச்சிவப்பு ஒளியை அனுப்பும். சாதாரணச் சாயங்கள் அதற்குக் கண்ணாடிபோல வழிவிடும். தூசி மட்டும் தடுக்கும். கோடாக்குரோமோ அந்த ஒளியையும் ஓரளவு தடுத்துவிடுவதால், ஸ்கேனர் ஆளின் கன்னத்தையே தூசி என்று நினைத்து அழிக்கப் பார்க்கும். ஆகவே ஃபிலிமின் பெயர் தெரிந்த பிறகே அந்த வசதியைப் போட வேண்டும்.

இப்போது சட்டத்தை மாற்றலாம். அட்டைச் சட்டங்கள் சூட்டில் ஒட்டும் பசையால் மூடப்பட்டவை. விளிம்பில் மெல்லிய பிளேடை நுழைத்து இரண்டு அட்டைகளையும் மெதுவாகப் பிரிக்க வேண்டும்; பிளேடின் முனை ஜன்னல் பக்கம் திரும்பவே கூடாது. பழைய அட்டையை எறிய வேண்டாம். கோடாக் ஆய்வகங்கள் பல ஆண்டுகள் கழுவிய மாதத்தையும் வருடத்தையும் அதில் முத்திரையிட்டன. பக்கத்தில் பென்சிலில் யாராவது ஊர்ப்பெயரை எழுதியிருப்பார்கள். கடலோர ஊர்களில் இருந்த ஸ்லைடுகளில் சிலந்தி வலைபோல் பூசணம் பிடித்திருக்கும். ஜெலட்டின் விலங்குத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது. பூசணத்துக்கு நல்ல தீனி. பூசணம் தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரையும் தன்மை பெற்றுவிடுகிறது. ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் முகம் துணியோடு வந்துவிடும். காற்றூதி, மென்தூரிகை, அதற்கு மேல் வேண்டாம்.

கண்ணாடிச் சட்டமா, திறந்த சட்டமா என்பது அடுத்த கேள்வி. திறந்த சட்டத்தில் புரொஜெக்டர் விளக்கின் சூடு பட்டதும் ஃபிலிம் திடீரென வளைந்து, தெளிவாக இருந்த படம் கலங்கும். இதற்காகவே, வளைந்த ஃபிலிமுக்கு ஏற்ப வடிவமைத்த லென்சுகளைக் கோடாக்கும் லைட்ஸும் செய்தன. கண்ணாடி ஃபிலிமைத் தட்டையாகப் பிடிக்கும். ஆனால் கண்ணாடிக்கும் ஃபிலிமின் பளபளப்பான முதுகுக்கும் நடுவே ஒளியின் அலைநீளம் அளவிலான நுண் இடைவெளி விழும். அதில் திரும்பும் ஒளிகள் ஒன்றோடொன்று மோதி வானவில் வளையங்களாகத் தெரியும். நியூட்டன் வளையங்கள் என்று இவற்றுக்குப் பெயர். நல்ல சட்டங்களில் ஒரு கண்ணாடி மட்டும் கண்ணுக்குத் தெரியாத அளவு சொரசொரப்பாக இருக்கும். பளபளப்பான பக்கம் அந்தக் கண்ணாடியைப் பார்த்து உட்கார வேண்டும். ஈரக்காற்றுள்ள ஊரில் கண்ணாடிக்குள் ஈரமும் சிறைப்படும் என்பதால், காட்டுவதற்கு அன்றி வைத்திருப்பதற்கென்றால் திறந்த சட்டமே நல்லது என்பது என் எண்ணம்.

எல்லாவற்றிலும் நுட்பமானது, ஐந்து துளை எண்ணிக்கை வரும் ஸ்லைடு. 23 மி.மீ. அகலமே உள்ள, ஏறக்குறையச் சதுரமான படம். அது தனிப் படம் அல்ல, ஒரு ஜோடியின் பாதி. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் டேவிட் ஒயிட் கம்பெனி 1947-இல் விற்கத் தொடங்கிய ஸ்டீரியோ ரியலிஸ்ட் என்ற முப்பரிமாணக் கேமராவும், அதன் வழியில் வந்த மற்றவையும் எடுத்தவை இவை. அதிபர் ஐசன்ஹோவரும் இந்தக் கேமராவின் ரசிகர். நம் கண்களைப்போல இரண்டு லென்சுகள், 70 மி.மீ. இடைவெளியில். இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. லென்சுகள் தள்ளி இருப்பதால் ஜோடியின் இரண்டு படங்களும் ஃபிலிமில் தள்ளித்தான் விழும்; நடுவில் இரண்டு படத்துக்கான இடம் காலியாக நிற்கும். அதை வீணாக்காமல் இருக்க ஓர் அழகான கணக்கு. ஒவ்வொரு முறையும் ஃபிலிம் இரண்டு இடம் மட்டும் நகரும். முதல் ஜோடி 1, 4 ஆகிய இடங்களில் விழும். இரண்டாவது 3, 6. மூன்றாவது 5, 8. தாளில் எழுதிப் பாருங்கள்: தொடக்கத்தில் ஓர் இடமும் முடிவில் ஓர் இடமும் தவிர எதுவும் வீணாகாது, எதுவும் மோதாது.

வெட்டிய துண்டுகள் கலந்து கிடந்தால் ஜோடி சேர்ப்பது உங்கள் பாடு. ஒரே காட்சியின் இரண்டு துண்டுகளைப் பக்கத்தில் வைத்து, அருகே உள்ள ஒரு பொருளைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு வேலிக்கம்பம் என்று வைப்போம். பின்னால் இருக்கும் மலையோடு ஒப்பிட்டால், எந்தத் துண்டில் கம்பம் வலப்புறம் நகர்ந்திருக்கிறதோ அது இடக்கண்ணுக்கு உரியது. விரலை முகத்துக்கு முன் நீட்டி ஒவ்வொரு கண்ணாக மூடினால் இது உடனே புரியும். இடம் மாற்றி மாட்டினால் மலை முன்னால் வரும், கம்பம் அதற்குப் பின்னால் போகும். கேமராவே இந்தத் தப்புக்கு வழி வைக்கிறது: லென்ஸ் படத்தைத் தலைகீழாகப் பதிப்பதால், சுருளை நிமிர்த்திப் பிடித்தால் இடது லென்சின் படம் வலப்புறம் இருக்கும். வெட்டி இடம் மாற்றினால்தான் சரி.

ஜோடி 101-க்கு 41 மி.மீ. சட்டத்தில் உட்கார வேண்டும். ஒரு துண்டு மற்றதைவிட அரை மில்லிமீட்டர் உயர்ந்தாலும் பார்ப்பவரின் கண் வலிக்கும். பக்கவாட்டில் இரண்டு துண்டுகளையும் கொஞ்சம் நெருக்கினால் காட்சி முழுவதும் நம்மை நோக்கி வரும், விலக்கினால் பின்வாங்கும். சட்டத்தின் ஓரம் ஒரு ஜன்னல் விளிம்பாகவும், காட்சி அதற்கு அப்பாலும் தோன்றும்படி வைப்பதே இலக்கு. இடுக்கியின் நுனியால் ஒரு துண்டை மயிரிழை நகர்த்தி, பார்வைப்பெட்டியில் வைத்துப் பார்த்து, எடுத்து மறுபடி நகர்த்தி, காட்சி ஜன்னலுக்கு அப்பால் போனதும் ஒட்டிவிட வேண்டும்.