சமவெளியில் தெரியாத பிரேக் கோளாறு

சிங்கப்பூரில் மூன்று வயதைத் தாண்டிய கார் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயப் பரிசோதனைக்குப் போயாக வேண்டும். பத்து வயதைத் தாண்டினால் ஆண்டுதோறும். பாலத்துக்கு இந்தப் பக்கம், மலேசியாவின் ஜொகூரில், சொந்தக் காருக்கு அப்படி ஒரு கெடு கிடையாது. லாரி, பேருந்து போன்ற வணிக வாகனங்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புஸ்பாகோம் போன்ற வாகனச் சோதனை மையங்களுக்குப் போகின்றன. மற்றவர்கள் காப்புறுதியையும் சாலை வரியையும் புதுப்பித்தால் போதும். பிரேக் எந்த நிலையில் இருக்கிறது என்று ஆண்டுக்கணக்கில் யாரும் கேட்பதில்லை. யாரும் கேட்காததால் பொறுப்பு போய்விடவில்லை. 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டமும் 1959ஆம் ஆண்டு வாகன அமைப்பு, பயன்பாட்டு விதிகளும் வண்டியை ஓடத்தக்க நிலையில் வைத்திருக்கும் கடமையை உரிமையாளர், ஓட்டுநர் தலையில்தான் வைக்கின்றன. காப்புறுதி ஒப்பந்தங்களிலும் வண்டியை முறையாகப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை வழக்கமாக இருக்கும். இப்படித் தனியாக விடப்பட்ட உரிமையாளர் பிரேக் எண்ணெய் விஷயத்தில் கோளாறு தெரியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, தேதி பார்த்து மாற்ற வேண்டும் என்பது என் வாதம். காரணம் எளிது: இந்தக் கோளாறு தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

மிதியை நாம் அழுத்தும் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுசேர்ப்பது இந்த எண்ணெய்தான். திரவம் அமுங்காது என்ற ஒரே உண்மையை நம்பி முழு அமைப்பும் நிற்கிறது. பெரும்பாலான கார்களிலும் மோட்டார் சைக்கிள்களிலும் உள்ளது கிளைக்கால் ஈதர் வகை எண்ணெய். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சுவதைக் குறை என்று சொல்ல முடியாது. உறிஞ்சாவிட்டால் உள்ளே புகுந்த நீர் ஓரிடத்தில் தேங்கி 100 பாகையிலேயே கொதித்துவிடும், இரும்பையும் அரிக்கும். ஆனால் உறிஞ்சிய நீர் எண்ணெயின் கொதிநிலையைக் கீழே இழுத்துக்கொண்டே போகிறது. டாட் 3 எனும் தர எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ்வரை கொதிக்கக் கூடாது என்கிறது தரவிதி, 3.7 விழுக்காடு நீர் சேர்ந்த நிலையில் அது கேட்பது 140 பாகை மட்டுமே. டாட் 4-க்கு இதே எண்கள் 230, 155. ரப்பர்க் குழாயின் நுண்துளைகள் வழியாகவும் எண்ணெய்க் கலத்தின் மூடி வழியாகவும் ஈரம் நுழைகிறது. ஆண்டு முழுவதும் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டைத் தாண்டி நிற்கும் ஜொகூரில் எண்ணெய்க்கு உலர்ந்த பருவம் என்று ஒன்று வாய்ப்பதே இல்லை. பல நிறுவனங்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றன, சில மூன்று ஆண்டு என்கின்றன. வண்டியோடு வந்த கையேடு சொல்வதே முதல் கணக்கு; இங்குள்ள காற்றில் அந்தக் கெடுவைத் தள்ளிப்போட நியாயமில்லை.

"என் பிரேக் நன்றாகத்தானே பிடிக்கிறது?" என்பது எல்லாரும் கேட்கும் கேள்வி. பிடிக்கும், எண்ணெய் கொதிக்காதவரை பிடித்துக்கொண்டேதான் இருக்கும். கொதித்ததும் குழாய்க்குள் நீராவிக் குமிழிகள் உண்டாகின்றன. திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். மிதி தரைவரை இறங்கும், வண்டி நிற்காது. (அந்த நேரத்தில் மிதியை விட்டு விட்டு வேகமாக அழுத்துவதும், கியரைக் குறைப்பதும், கைபிரேக்கைச் சிறிது சிறிதாக இழுப்பதும்தான் கையிலுள்ள வழிகள்.) அரை மணி நேரம் கழித்துச் சூடு ஆறியதும் ஆவி மறுபடி திரவமாகி, மிதி பழையபடி கெட்டியாகிவிடும். பட்டறையில் சோதித்தால் குறை எதுவும் தெரியாது. சக்கரத்தை உருளையில் சுழற்றிப் பிடிப்பு விசையை அளக்கும் சோதனையிலும், எண்ணெய் குளிர்ந்திருப்பதால், வண்டி தேறிவிடும். விபத்துக்குப் பிறகு "பிரேக் பிடிக்கவில்லை" என்று சொல்பவரை யாரும் எளிதில் நம்பாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஜொகூரில் மலைப்பாதை எங்கே இருக்கிறது, குளுவாங்கிலும் பத்து பகாட்டிலும் ஓடும் காரில் பிரேக் எண்ணெய் எப்படிக் கொதிக்கும் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, கணக்குப் போட்டுப் பார்த்தால் அதன் நியாயமும் தெரியும், ஆபத்தும் தெரியும். 1,300 கிலோ எடையுள்ள கார் நெடுஞ்சாலையின் 110 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒருமுறை முழுதாக நிற்க, ஏறத்தாழ 6 இலட்சம் ஜூல் ஆற்றல் வெப்பமாக வேண்டும். நல்ல பிரேக் இதைத் தாங்கும், அடுத்த நிறுத்தத்துக்குள் ஆறியும்விடும். அதே கார் 1,000 மீட்டர் உயரத்திலிருந்து கீழே இறங்கினால் வெளியேற்ற வேண்டியது ஒரு கோடியே 27 இலட்சம் ஜூல். இருபத்தொரு முறை இடைவிடாமல் முழு வேகத்திலிருந்து நிறுத்துவதற்குச் சமம். எதிர்க்காற்றும் இன்ஜினும் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் தானியங்கிக் கியரை டி-யிலேயே விட்டுவிட்டு மிதியில் கால் வைத்தபடி இறங்குபவருக்கு இன்ஜினின் பங்கு மிகக் குறைவு. பள்ளி விடுமுறையில் கெந்திங்குக்கும் தாப்பா வழியாகக் கேமரன் மலைக்கும் ஏறும் கார்களில் ஜொகூர் எண்பலகைக்குப் பஞ்சமில்லை; அவற்றில் குடும்பமும் மூட்டைமுடிச்சும் நிறைந்திருக்கும். சமவெளி, கெட்ட எண்ணெயை நான்கைந்து ஆண்டுகள் மறைத்து வைக்கிறது. சோதனை நடப்பது அறிமுகமில்லாத ஒரு மலை இறக்கத்தில்.

இன்னொரு மறுப்பு, பட்டறைக்காரர் பணம் பிடுங்கச் சொல்லும் கதை இது என்பது. சில இடங்களில் அப்படியும் நடக்கிறது. ஆனால் அதற்குப் பரிகாரம் மாற்றாமல் விடுவது ஆகாது, ஒழுங்காக மாற்றச் சொல்லிக் கேட்பதுதான். நிறத்தைக் காட்டி "கறுத்துவிட்டது" என்றால் அது சான்றாகாது. தெளிவாகத் தெரியும் எண்ணெயிலும் நீர் இருக்கும். கொதிநிலையை அளக்கும் கருவி நம்பத்தக்கது. பேனா போன்ற மலிவுக் கருவிகள் மின்கடத்தலை வைத்து ஊகிப்பவை, அவை தவறும். கலத்திலுள்ளதை மட்டும் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதை ஊற்றுவது வேலையே அல்ல. சூடாவது சக்கரப் பக்கத்து எண்ணெய், அது அங்கேயே கிடக்கும். நான்கு சக்கரங்களிலும் பழையது வடிந்து காற்று நீங்க வேண்டும். எண்ணெய், மூடி திறக்காத புட்டியிலிருந்து நம் கண்முன் திறக்கப்பட வேண்டும். கையேடு சொல்லும் டாட் எண்ணாகவும் இருக்க வேண்டும். சிலிக்கான் வகையான டாட் 5-ஐ மற்றவற்றோடு கலக்கக் கூடாது. இன்ஜின் எண்ணெய் தவறி விழுந்தால் ரப்பர் வளையங்கள் ஊதிப் பாழாகிவிடும். கலத்தில் மட்டம் குறைந்தால் மேலே ஊற்றிச் சரிக்கட்டுவதும் ஏமாற்றுத்தான்: ஒன்று பிரேக் பேட் தேய்ந்திருக்கிறது, அல்லது எங்கோ கசிகிறது. வடித்த எண்ணெய் சாக்கடைக்குப் போகக் கூடாது. 2019-ல் பாசிர் கூடாங் கிம் கிம் ஆற்றில் கொட்டிய ரசாயனக் கழிவு நூற்றுக்கு மேற்பட்ட பள்ளிகளை மூடவைத்த மாநிலம் இது.

பணம் கொடுத்த பிறகும் உரிமை தீர்வதில்லை. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, சேவை வழங்குபவர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்தாக வேண்டும். கட்டண விவரத்தைப் பட்டறைகள் வாடிக்கையாளருக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்பதற்காக 2002-ல் தனி விதிமுறையே வந்தது. ஆகவே ரசீதில் தேதி, ஓடிய கிலோமீட்டர், எண்ணெயின் பெயரும் டாட் எண்ணும், செய்த வேலை ஆகியவற்றை எழுதித் தரக் கேளுங்கள். "சர்வீஸ்" என்ற ஒற்றைச் சொல் எதற்கும் உதவாது. வேலை செய்யாமலே பணம் வாங்கினாலும், தவறான எண்ணெயால் ஏபிஎஸ் பெட்டி கெட்டாலும், உள்நாட்டு வணிக, வாழ்க்கைச் செலவின அமைச்சில் புகார் செய்யலாம். பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் மனு போடலாம். மன்றம் 50,000 ரிங்கிட்வரையான கோரிக்கையை விசாரிக்கும். பொதுவாக வழக்கறிஞர் தேவையில்லை. மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். தீர்ப்பை 14 நாளுக்குள் நிறைவேற்றாவிட்டால் அது குற்றம். ஆனால் உடற்காயமும் உயிரிழப்பும் இந்த மன்றத்தின் வரம்புக்கு வெளியே; அதற்குச் சிவில் நீதிமன்றம்தான் போக வேண்டும். அந்த நிலை வந்தால், வண்டியைப் பழுதுபார்க்க விடுவதற்கு முன்பே போலீஸ் புகார் செய்து, காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரிவித்து, நடுநிலையான ஒருவரைக் கொண்டு சக்கரப் பக்கத்து எண்ணெயின் மாதிரியை எடுத்துக் காற்றுப் புகாத புட்டியில் அடைத்து வைக்கச் சொல்லுங்கள். பட்டறையில் புது எண்ணெய் ஊற்றிவிட்டால் அந்தச் சான்று வடிந்து போய்விடும்.