நீர்க்கிராம்பின் நீல விருந்தாளி

கீழ்வேளூர்ப் பக்கம் சம்பா வயல் வரப்பில் நடக்கிறவர்களே, ஒரு நிமிஷம் குனியுங்கள்! நெல்லை விடுங்கள். ஓரத்தில் மஞ்சள் பூவோடு நிற்கிறதே நீர்க்கிராம்பு, அந்தக் களையின் இலையைப் பாருங்கள். ஓட்டை ஓட்டையாக இருக்கிறதா? அப்படியானால் ஆள் உள்ளேதான் இருக்கிறார். மயில்கழுத்துப் பட்டுபோல மினுமினுக்கும், ஒரு நெல்மணியை விடச் சின்ன வண்டு. மெல்ல விரலை நீட்டுங்கள்... போயே போய்விட்டது!

இவர்தான் ஆல்டிகா சயானியா. 1801-இல் வெபர் என்ற பூச்சியியலாளர் விவரித்த தெள்ளு வண்டு.

எப்படி மாயமானார் என்கிறீர்களா? அதன் பின்னந்தொடை மட்டும் புடைத்திருக்கும். அதற்குள் ஒரு சுருள்வில், நிஜமான சுருள்வில் ஒளிந்திருக்கிறது! தசை மெதுவாக இழுத்து விசையைச் சேர்த்து வைக்கும். பிடி விட்டதும் சில மில்லிசெகண்டுகளில் கால் உதறிக்கொள்ளும், வண்டு காற்றில். 1929-இல் இந்த உறுப்பைப் பற்றி விரிவாக எழுதியவர் நம் நாட்டு சமரேந்திர மௌலிக். லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருந்தபடி இந்திய இலைவண்டுகளை ஆராய்ந்தவர். பிற்காலத்தவர் அதற்கு மௌலிக் உறுப்பு என்றே பெயரிட்டார்கள். நம் வரப்பில் துள்ளும் ஒவ்வொரு வண்டின் காலுக்குள்ளும் ஓர் இந்தியர் பெயர்! நினைக்க நினைக்கச் சிலிர்க்கிறது எனக்கு.

இன்னும் கொஞ்சம் உள்ளே போகலாம், வாருங்கள். இலையைத் திருப்பினால் அடியில் மஞ்சள் முட்டைகள் கூட்டமாக ஒட்டியிருக்கும். பொரித்து வரும் கருநிறப் புழுக்கள் பச்சையத்தைச் சுரண்டித் தின்று, மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகும். தாயும் பிள்ளையும் ஒரே களையில்தான் சாப்பாடு! இலையின் மேலுள்ள மெழுகுப் பூச்சு வண்டை அருகே இழுக்கிறது என்று மேற்கு வங்கத்தின் பர்த்வான் பல்கலைக்கழகத்தில் கண்டிருக்கிறார்கள். நெல் வயலில் களை எடுக்க இந்த வண்டையே ஏவலாமே என்ற யோசனையும் அங்கே ஓடுகிறது.

இது தெரியாமல் நீலமாக எதையோ கண்டதும் ஸ்பிரேயரைத் தோளில் மாட்டுவது எவ்வளவு பெரிய இழப்பு! நெல்லிலையைச் சுரண்டும் நீல வண்டு ஒன்று உண்டுதான். லெப்டிஸ்பா. ஆனால் அது ஒல்லி, நீளம், துள்ளாது.

ஆல்டிகா பேரினத்தில் உலகெங்கும் சுமார் 300 இனங்கள். ஒன்று ஐரோப்பாவில் திராட்சைக் கொடியில், ஒன்று சீனாவில் முட்செடியில். ஆனால் நிறத்தில் பெரும்பாலும் நீலமோ பச்சையோ, அச்சு அசல் ஒரே மாதிரி! துள்ளுகிறவற்றை வாயால் உறிஞ்சும் குழாயில் பிடித்து, ஆண் வண்டின் இனவுறுப்பை நுண்ணோக்கியின் கீழ் எடுத்துப் பார்த்துத்தான் நிபுணர்களே பெயர் சொல்கிறார்கள். வரப்பில் நிற்பவருக்கு அந்தக் கஷ்டம் வேண்டாம். எந்தச் செடியில் ஓட்டை விழுந்திருக்கிறது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.